ஆடவல்லார் திருமேனியும் அதன் உரைகளும்

திருக்குறளைப் பரிமேலழகர் உரையின் துணையின்றிக் கற்றவர் நம்முள் அரியர். அவ்வுரையை மறுப்போரும் முதற்கண் அதனைக் கற்றே பின்னர் மறுக்கின்றனர். குறள்களின் வைப்பு முறையும் இன்று பெரும்பாலும் அவர் கொண்ட முறையே. பழைய உரைகாரர் பிறரிடத்து அம்முறை வேறுபட்டுக் கிடத்தலைப் பதிப்புகளை ஒப்பிட்டோர் அறிவர். மூலம் என்று நாம் கையில் எடுப்பதே ஓர் உரையின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த ஒன்று. இலக்கியத்தின்கண் இவ்வுண்மையை ஒப்புக்கொள்ள நாம் தயங்குவதில்லை. கல்லாலும் செம்பாலும் ஆகிய கலைப்பொருள்களின்கண் மட்டும் இதனை மறந்து விடுகின்றோம். கண்ணுக்கு நேரே நிற்பதற்கு உரை எதற்கு என்னும் எண்ணம் போலும். ஆயின் அருங்காட்சியகத்து மேடையும் விளக்கொளியும் பெயர்ப்பலகையும், அறிஞர் வரைந்த கட்டுரையும், நூலில் அச்சான நிழற்படமும் உரைகளே. சிற்சில வேளைகளில் அவை மூலத்தையே மறைத்துவிடும் வன்மையும் உடையன. ஆடவல்லார் செப்புத் திருமேனியைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய முற்படுகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன் முதுகலை மாணவர் பதினெண்மரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிக் கூடத்திற்கு அழைத்துச் சென்றேன். திருவாலங்காட்டு நடராசர் முன் அவர்களை நிறுத்தி, கண்ணால் காண்பதை மட்டும் ஒரு பக்க அளவில் எழுதித் தருமாறு கூறினேன். ஒருவர் இருவர் நீங்கலாக அனைவரும் ஐந்தொழிலையே எழுதியிருந்தனர். துடி படைத்தலைக் குறிக்கும், அமைத்த கை காத்தலைக் குறிக்கும், தீ அழித்தலைக் குறிக்கும், ஊன்றிய அடி மறைத்தலையும் எடுத்த அடி அருளலையும் குறிக்கும் என்று வரிசை பிறழாமல் எழுதியிருந்தனர். அதனால் வியப்பொன்றும் இல்லை. வியப்பு வேறோரிடத்தில் இருந்தது. அவருட் பலர், சுற்றிலும் தீக்கொழுந்து விளங்கும் திருவாசியையும் இருபுறமும் விரிந்து பறக்கும் சடையையும் வருணித்திருந்தனர். அத்திருமேனிக்குத் திருவாசி இல்லை. பறக்கும் சடையும் இல்லை. இருந்தவை எக்காலத்தோ நீங்கிவிட்டன. கண்ணெதிரே இல்லாத பொருளை மாணவர் கண்டு எழுதினர்! முதலில் சினம் மூண்டது. பின்னர், அவர்களுக்கு ஐந்தொழில் விளக்கத்தை வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன் யானே என்பதும், திருவாசி இன்மையை யானும் பல்லாண்டு கருதிப் பாராது இருந்தேன் என்பதும் நினைவிற்கு வந்தன. உரையைக் கண்டோம், மூலத்தைக் காணவில்லை.

இவ்வுரை எங்கிருந்து வந்தது? இதனை அறிதற்கு முன், சோழர் காலத்தார் தம் திருமேனிகளைப் பற்றித் தாமே எழுதிவைத்தவற்றை நோக்குதல் முறையாகும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், அரசனும் அவன் தமக்கையும் தேவியரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளை ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றன. திருவடி முதல் திருமுடி வரை உயரம் இத்துணை முழம், இத்துணை விரல். அவ்வளவும் கோயிலில் இருந்த முழக்கோலால் அளந்தது. கனமாக வார்த்ததா, உள் பொள்ளலாக வார்த்ததா. திருக்கைகள் எத்தனை, சடைகள் எத்தனை, சடைமேல் கங்கை உண்டா, அடிக்கீழ் முயலகன் உண்டா, பீடமும் திருவாசியும் எத்தன்மையன என்றிவை யாவும் பொறிக்கப்பெற்றுள்ளன. அணிகலன்களின் பொன் எடையும் மணிகளின் எண்ணிக்கையும் அவ்வாறே. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். தமிழில் செப்புத் திருமேனிகட்கு எழுதப்பெற்ற முதற் பெயர்ப்பலகை இதுவே எனின் அது மிகையன்று. இன்றைய அருங்காட்சியக அட்டவணையாளர் எவரும் இதனினும் நுணுக்கமாக எழுதிவிட்டார் என்று கூற யான் துணியேன்.

அக்கல்வெட்டுகள் கூறாது விட்டவையும் நோக்கத்தக்கன. துடி எதனைக் குறிக்கும், தீ எதனைக் குறிக்கும் என ஒரு சொல்லும் அவற்றில் இல்லை. வார்த்த கைவினைஞன் பெயரும் இல்லை. கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, எதற்குக் கொடுத்தனர் என்பனவே அங்கு முதன்மை பெறுகின்றன. இன்றைய பெயர்ப்பலகையோ ஏறக்குறைய நேர்மாறாக அமைகின்றது. காலம், உலோகம், கிடைத்த ஊர், உயரம், அதன்மேல் தத்துவ விளக்கம் என நிற்கின்றது. கொடையாளர் மறைந்தனர், தத்துவம் புகுந்தது. இம்மாற்றம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது.

1910-இல் இலண்டன் அரச கலைச் சங்கக் கூட்டமொன்றில் சார்ச்சு பேர்ட்வுட் என்பார், இந்திய நாட்டில் நுண்கலை என்று கூறத்தக்கதொன்று இல்லை என்னும் கருத்துப்பட உரைத்து, சாவாத் தீவின் புத்தர் சிலையொன்றை வெந்த மாப்பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஹாவெல், ஆனந்த குமாரசாமி முதலியோர் இத்தகைய கூற்றுகளை எதிர்த்து எழுந்தவராவர். பல கைகளை உடைய உருவம் அழகியதாகுமா என்பது அக்கால மேலை அறிஞர் எழுப்பிய வினா. அதற்கு விடையாகவே குமாரசாமி 1913-இல் ஒரு தனிக்கட்டுரையும் எழுதினார். சிவனது நடனம் பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை அதற்கு முந்தியது. 1912-இல் சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகையில் முதன்முதல் அச்சேறியது. நல்லசாமிப் பிள்ளை தொடங்கிய அவ்விதழைப் படித்தோர் சைவ சித்தாந்தப் பயிற்சி உடையோர். உண்மை விளக்கத்திலும் திருமந்திரத்திலும் இருந்து அவர் எடுத்துக்காட்டியவை அன்னார்க்குப் புதியன அல்ல. தம் சமயக் கருத்து ஆங்கிலத்தில் அழகுறச் சொல்லப்பட்டதே அவர்க்கு மகிழ்ச்சி தந்திருக்கும். அதே கட்டுரை 1918-இல் நியூயார்க்கில் நூலின் தலைப்பாகவே வெளிவந்தபோது அதன் தொழில் மாறியது. நல்லசாமிப் பிள்ளையின் இதழில் நினைவூட்டலாக இருந்தது, அங்கே இந்திய நாட்டு மெய்யறிவு முழுவதற்கும் திறவுகோலாயிற்று. ஒரு சொல்லும் மாறாதிருந்தும் வெளியிட்ட இடம் பொருளை மாற்றிற்று. கலைப்பொருளுக்கு மட்டுமன்றி அதன் உரைக்கும் இவ்விதி பொருந்துதல் காண்க.

பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதியது இதற்கு நேர் எதிரான வழியினது. அவர் தமிழ்நாட்டிற்கு வந்தவரல்லர். சென்னை அருங்காட்சியகத் திருமேனிகளின் நிழற்படங்களைக் கண்டே 1913-இல் தம் உரையை எழுதினார். அவர் மறைந்து நான்காண்டு கழிந்து 1921-இல் அது வெளிவந்தது. அப்படங்களுள் திருவாலங்காட்டு நடராசரும் உண்டு. தத்துவம் அவ்வுரையில் ஏறக்குறைய இல்லை. உடலின் வளைவும், ஒளி படிந்த இடமும் நிழல் தங்கிய இடமும், பக்கத்திலிருந்து நோக்கின் தோன்றும் கோடும் அவரை ஆட்கொண்டன. அவர் கண்ட ஒளியும் நிழலும் செம்பின்மேல் மட்டும் அமைந்தவை அல்ல; படம் பிடித்தவர் அமைத்தவையுமாம். கோயிலில் இத்தகைய திருமேனி பட்டும் மாலையும் அணிகலனும் பூண்டு நிற்கும். முகமும் கைகளும் எடுத்த திருவடியும் மட்டுமே அடியார்க்குத் தோன்றும். நீராட்டின்போது சிறிது நேரம் முழு உருவமும் காணலாகும். ரோடின் போற்றிய இடைவளைவைத் தில்லையில் நாள்தோறும் வழிபடும் அடியார் நன்கு கண்டிருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

இனி, திருவாசியும் சடையும் இல்லாமையை இதனோடு சேர்த்து எண்ணுக. திருவாசி இருப்பின் உருவம் அவ்வட்டத்துள் அடங்கும். பார்வையாளர் பெரும்பாலும் முன்னின்றே காண்பர். அது நீங்கியபின் உடல் தனித்து வெளியில் நிற்கின்றது. சுற்றிவந்து காணும் சிற்பமாகின்றது. திருவாலங்காட்டுத் திருமேனியின் இணையற்ற சமநிலை என்று கலைநூலார் வியப்பதில் ஒரு பகுதி, சிதைவினால் விளைந்த அழகு என்பது என் கருத்து. வார்த்தவன் திறத்தை இது குறைப்பதன்று. அவன் எண்ணி வார்த்தது வேறு, நாம் வியப்பது வேறு என்பதே யான் சொல்ல வருவது. இதில் ஒரு முரணும் உண்டு. குமாரசாமி திருவாசிக்கும் விரிவான பொருள் கூறியுள்ளார். அவ்வுரையைத் திருவாசி இல்லாத திருமேனிக்கு ஏற்றியதனால்தான் என் மாணவர் இல்லாத தீயைக் கண்டனர்.

உரையின் காலமும் மூலத்தின் காலமும் பொருந்துமா என்பது அடுத்த வினா. ஆனந்த தாண்டவ உருவம் சோழ நாட்டில் பெருவழக்காதல் 10-ஆம் நூற்றாண்டில், செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கோயில்களை ஒட்டியாம். செப்பில் அதன் தோற்றம் பல்லவர் காலத்திற்கே உரியது எனச் சாரதா சீனிவாசன் உலோகப் பகுப்பாய்வினைத் துணைக்கொண்டு 2004-இல் எழுதினார். உண்மை விளக்கமோ 13-ஆம் நூற்றாண்டு நூல். பிற்கால நூலின் பொருளை முற்காலத் திருமேனிக்கு ஏற்றுதல் தகுமா எனப் பத்மா கைமல் 1999-இல் வினவி, சோழ அரசகுலத்தின் அடையாளமாக அவ்வுருவம் பயன்பட்டதையும் அழித்தற் கூறு அதில் மேலோங்கி நின்றிருக்கக் கூடுமென்பதையும் எடுத்துக்காட்டினார்.

இதற்கு நம்மவர் கூறும் மறுப்பு ஒன்று உண்டு. திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் இவ்விளக்கம் காணப்படுகின்றதே, அஃது உண்மை விளக்கத்திற்கு மிக முந்தியதன்றோ என்பர். இதனை எளிதில் ஒதுக்குதல் கூடாது. திருமந்திரத்தின் காலம் பற்றி அறிஞர் ஒருமுடிபினர் அல்லர். இடைச்செருகல் பற்றிய ஐயமும் உண்டு. அதனை முற்பட்டதென்றே கொள்வோம். அப்பொழுதும் ஒரு யோகநூற் கருத்து, திருமேனி செய்வித்த அரசியர்க்கும் வணங்கிய ஊரார்க்கும் பொதுப்பொருளாக இருந்தது எனக் கொள்ளத் தனிச்சான்று வேண்டும். தஞ்சைக் கல்வெட்டுகள் அச்சான்றைத் தரவில்லை. தேவார ஆசிரியரும் கூத்தின் அழகில் நெஞ்சிழந்து பாடினரேயன்றி, உறுப்புக்கு ஒரு தொழிலாகப் பகுத்துப் பாடிற்றிலர்.

திருவாலங்காட்டைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் பெரிது. அவ்வூர்க் கூத்தை முதலிற் பாடியவர் காரைக்காலம்மையார். மூத்த திருப்பதிகங்கள் காட்டும் ஆலங்காடு சுடுகாடு. அங்கே பேய்கள் உண்டு, நரிகள் உண்டு, எரியும் பிணங்கள் உண்டு. அவற்றின் நடுவே இறைவன் ஆடுகின்றான், அம்மையாரும் பேயுருவில் அருகிருந்து பாடுகின்றார். கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்சிற்பி இதனை மறவாது, ஆடவல்லார் அடியருகே அம்மையாரையும் அமைத்தான். அருங்காட்சியகத்துத் திருமேனி தனித்து நிற்கின்றது. குமாரசாமி இதனை அறியாதவரல்லர். சிவனது கூத்தை மூவகையாகப் பகுத்து, சுடுகாட்டுக் கூத்தை ஒருவகையாக நிறுத்தி, தில்லைக் கூத்தையே விளக்கத்திற்குக் கொண்டார். அப்பகுப்பு வாதத்திற்கு இன்றியமையாதது. பேயும் பிணமும் பேர்ட்வுட்டுக்கு விடையாகா. ஆயினும் அதன் விளைவாக, ஆலங்காட்டுத் திருமேனி உலகிற்குத் தில்லையின் பொருளைச் சுமந்து சென்றது. தமிழின் தொன்மையான பெண்பாற் புலவருள் ஒருவர் தம் ஊர்க்கூத்திற்குச் செய்த உரை பெயர்ப்பலகையில் இடம் பெறாது போயிற்று. தமிழ்த்துறையினர் இதனை அன்றே சுட்டியிருத்தல் வேண்டும், சுட்டினேம் அல்லேம். கலைநூல் வேறு, இலக்கியம் வேறு எனத் துறை பிரித்துக்கொண்டதன் பயன் இது.

அட்டவணைகளும் ஒருவகை உரையே. சென்னை அருங்காட்சியகச் செப்புத் திருமேனிகட்கு 1932-இல் அட்டவணை வகுத்த இருவருள் கிரேவ்லி என்பார் விலங்கியலார், சிலந்தி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். உறுப்பு வேறுபாட்டைக்கொண்டு இனம் பிரிக்கும் கண் திருமேனிகளின் ஆராய்ச்சியிலும் பயன்பட்டது எனல் தகும். எள்ளற்பொருட்டு இதனைக் கூறினேன் அல்லேன். காலவரையறைக்கு அந்நூல் செய்த உதவி பெரிது. சிவராமமூர்த்தி 1974-இல் வெளியிட்ட நடராசர் பற்றிய பெருநூலே கலையையும் இலக்கியத்தையும் மீண்டும் ஒருங்கு வைத்தது.

உரையின் வன்மை முற்றிய நிலையை 2004-இல் காண்கின்றோம். செனீவாவை அடுத்த அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்திற்கு இந்திய அரசு நடராசர் திருவுருவம் ஒன்றை வழங்கியது. அதனுடன் உள்ள பலகையில் குமாரசாமியின் கருத்தும், இயற்பியலார் காப்ராவின் கருத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. 1912-இல் திருமேனி முன்னது, கட்டுரை பின்னது. இங்கோ கட்டுரை முன்னது; அதற்கு எடுத்துக்காட்டாகத் திருவுருவம் வார்க்கப்பட்டது.

இதுகாறும் கூறியவை புலவர் வாதம் மட்டுமே, இதனால் யார்க்கு என்ன இழப்பு என்று ஒருவர் கேட்கலாம். சிவபுரத்து வரலாறு அதற்கு விடை கூறும். கும்பகோணத்தை அடுத்த அவ்வூரில் 1951-இல் மண்ணிலிருந்து திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றுள் நடராசர் ஒன்று. சில ஆண்டுகள் கழித்துப் பழுது நீக்கக் கொடுக்கப்பட்டபோது, படி ஒன்று வார்க்கப்பட்டு, அப்படியே கோயிலுக்குத் திரும்பியது. மூலம் கைமாறிச் சென்றது. ஊரார் படியை மூலமென்றே வழிபட்டு வந்தனர். 1965-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றிய நூலில், கோயிலில் உள்ளது படியே என்றும் மூலம் தனியார் ஒருவரிடம் உள்ளது என்றும் எழுதினார். 1973-இல் அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமன் அதனை 9 இலட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கும் உடன்பாடும் நடந்து, பத்தாண்டு அங்கே காட்சிக்கு வைத்தபின் 1986-இல் மூலம் இந்தியாவிற்கு மீண்டது.

இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் எனக்கு ஒரு முடிச்சு அவிழாது நிற்கின்றது. ஏறக்குறையப் பத்தாண்டு படியின் முன் விளக்கேற்றிய அடியார்க்கு வழிபாட்டில் குறை நேர்ந்ததா? ஆகம முறைப்படி அருள் ஏற்றிய திருமேனி எதுவோ அதுவே மூர்த்தி என்பது அவர் கொள்கை. செம்பின் பழமை அவர்க்குப் பொருட்டன்று. சைமனுக்கோ அந்தச் செம்பின் பழமையே பொருள். அவர் வாங்கிய விலையில் குமாரசாமியின் நடையழகிற்கும் ரோடினின் வியப்பிற்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் மறுக்க இயலாது. யாரும் அறியாத செம்புருவத்திற்கு 9 இலட்சம் டாலர் எவரும் கொடார். கலையைக் காத்தற்கென்று எழுந்த எழுத்து, களவிற்கு விலை வகுத்த எழுத்தாகவும் ஆயிற்று. எழுதியோர்மேல் இதனைக் குற்றமாக ஏற்றல் நேர்மையன்று. எழுத்தின் விளைவை எழுதுவோர் அளக்கமுடியாது என்பதற்காகவே சொல்கின்றேன். களவை வெளிப்படுத்தியதும் பாரெட்டின் எழுத்தே அன்றோ!

பொய்யெழுத்தும் உண்டு. சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட நடராசரை ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பல்லாண்டுகட்கு முன்னரே இந்தியாவை விட்டு முறையாக வெளியேறியது போலக் காட்டும் ஆவணங்கள் அதனுடன் வந்தன. கலைக்கூடத்துப் பார்வையாளர் அதனைச் சோழர் கலையின் பொது எடுத்துக்காட்டாகக் கண்டனர். ஊர்ப்பெயர் அங்கே இல்லை. ஊர்ப்பெயர் இருந்திருப்பின் களவு வெளிப்பட்டிருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994-இல் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த படம் அப்பொய்யை உடைத்தது. 2014-இல் திருமேனி மீண்டது. ரோடினுக்கு ஒளியும் நிழலுமாகத் தோன்றிய நிழற்படம், இங்கே சான்றாவணமாக நின்றது.

பத்தூர் நடராசர் வழக்கில் இலண்டன் நீதிமன்றம் 1988-இல், இடிந்த கோயிலும் தன் உடைமையைக் கேட்டு வழக்காடலாம் என்று ஏற்றது. மேல்முறையீட்டு மன்றமும் 1991-இல் அதனை உறுதி செய்தது. பத்தூரில் பின்னர்க் கிடைத்த பிற திருமேனிகளோடு அதன் கலைநடையை ஒப்பிட்டு இரா. நாகசாமி முதலியோர் கூறிய சான்று அங்கே ஆராயப்பட்டது. இடை எவ்வாறு வளைந்தது, அணி எவ்வாறு முடிந்தது என்னும் வருணனை, உடைமை யாருடையது என்பதை முடிவு செய்ய உதவியது. கல்வெட்டு எழுதிய காலத்தார் விரலளவும் விடாமல் எழுதிவைத்ததன் அருமை இவ்விடத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

மீண்ட திருமேனிகள் பலவும் தம் ஊர்க்கோயிலுக்குச் செல்லவில்லை. திருவாரூரில் அமைந்தது போன்ற பாதுகாப்பு மையங்களில் பூட்டிய கதவின்பின் வரிசையாக நிற்கின்றன. அவற்றிற்கு மேடையொளியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை, பட்டும் மாலையும் நாள்வழிபாடும் கோயிலில் நிகழ்வதுபோல் இல்லை. பாதுகாப்பு வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் இருவகை உரையும் நீங்கி மூலம் தனித்து நிற்கும் நிலை இவ்வாறு இருக்கும் என்று யான் கருதியதில்லை.

தமிழ்த்துறையினர் செய்யத்தக்க பணி ஒன்று உடனடியாக உண்டு. தஞ்சை முதலிய கோயிற் கல்வெட்டுகளில் திருமேனிகளை வருணிக்கும் சொற்கள் அனைத்தையும், அவற்றோடு அவ்வவ்வூர்ப் பதிகங்களில் அவ்வூர்க் கூத்தைக் குறிக்கும் சொற்களையும் ஊர்வாரியாகத் தொகுத்து அருகருகே வைத்தல் வேண்டும். கல்வெட்டு ஒரு பத்தியில், பதிகம் ஒரு பத்தியில், பிற்காலச் சாத்திரம் ஒரு பத்தியில், 20-ஆம் நூற்றாண்டுக் கட்டுரை ஒரு பத்தியில் என நான்கும் கலவாமல் நிற்க வேண்டும். திருவாலங்காட்டிலிருந்து இதனைத் தொடங்கலாம். எழும்பூருக்கு வந்த அம்மாணவருள் இருவர் இப்பணியை எடுத்துக்கொண்டுள்ளனர். அவர் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில், திருவாசி இல்லை, சடை இல்லை என்று எழுதியுள்ளனர்.